இணையவழி வகுப்பில் செயலூக்கக் கற்றல்: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆன்லைனில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் நாலு பேர் கூடினால் ஒரே மாதிரிக் கேள்விகள்தான் வருகின்றன: யாரும் வாய் திறப்பதில்லை, கேமரா போடுவதில்லை, பாடம் முடிவதில்லை. பள்ளி, கல்லூரி, தனிப் பயிற்சி எதுவானாலும் இந்தக் கவலைகளில் பெரிய வித்தியாசம் இல்லை. அவற்றுக்கான விடைகளை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

செயலூக்கக் கற்றல் என்று எதைச் சொல்கிறோம்?

பாடத்தைக் கேட்பதோடு நிற்காமல் மாணவர் அதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும், தான் செய்வதைப் பற்றி யோசிக்கவும் வேண்டும். 'ஆக்டிவ் லேர்னிங்' என்ற பெயரைப் பரவலாக்கிய 1991ஆம் ஆண்டு அறிக்கையில் சார்ல்ஸ் பான்வெல்லும் ஜேம்ஸ் ஐசனும் ஏறத்தாழ இதைத்தான் சொன்னார்கள். கணக்கைத் தானே போட்டுப் பார்ப்பது, ஒரு விடையைத் தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்வது, இரண்டு கருத்துகளை ஒப்பிட்டு எழுதுவது, சக மாணவருக்கு விளக்குவது எல்லாமே இதில் அடங்கும்.

போட்டி, பரிசு, ஆரவாரம் எல்லாம் இருந்தால்தான் செயலூக்கம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அது சரியல்ல. தனியாக உட்கார்ந்து நோட்டில் மூன்று வரி யோசித்து எழுதும் மாணவரின் மூளை, விரைவுப் போட்டியில் பொத்தான் அழுத்துபவரின் மூளையைவிடக் கூடுதலாகவே உழைக்கக்கூடும்.

மாணவர்கள் கவனமாகக் கேட்டுக் குறிப்பெடுக்கிறார்களே, அது போதாதா?

எப்படிக் குறிப்பெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மிஷெலீன் சீ என்ற கல்வி உளவியலாளர் கற்பவரின் ஈடுபாட்டை நான்கு படிகளாகப் பிரிக்கிறார். வெறுமனே கேட்பது முதல் படி. அடிக்கோடிடுவது, திரையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்வது இரண்டாவது. பாடத்தில் இல்லாத ஒன்றைத் தானே உருவாக்குவது, அதாவது சொந்தச் சொற்களில் விளக்குவது, சொந்த எடுத்துக்காட்டு சொல்வது, மூன்றாவது. இன்னொருவரோடு பேசி, ஒருவர் கருத்தின் மேல் மற்றவர் கட்டியெழுப்புவது நான்காவது. படி ஏற ஏற கற்றல் ஆழமாகிறது என்பது அவருடைய வாதம். ஆன்லைன் வகுப்புகளில் 'செயல்பாடு' என்ற பெயரில் நடப்பவற்றில் பெரும்பகுதி இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகிறது. நீங்கள் திட்டமிடும் செயல்பாடு எந்தப் படியில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொண்டாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

இது உண்மையிலேயே பலன் தருகிறதா?

தருகிறது. 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பட்டப்படிப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 சதவீதம். செயலூக்கக் கற்றல் இருந்த வகுப்புகளில் 21.8 சதவீதம். தேர்வு மதிப்பெண்ணும் ஏறத்தாழ 6 சதவீதம் கூடியது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை நேரடி வகுப்புகளில் நடந்தவை. ஆனால் பலனுக்கான காரணம் வகுப்பறைச் சுவர்களில் இல்லை. படித்ததை நினைவிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் முயற்சிதான் அதைப் பதிய வைக்கிறது. அந்த முயற்சியைத் திரைக்கு முன்னாலும் வரவழைக்கலாம்.

அப்படியானால் ஆன்லைனில் என்னதான் வித்தியாசம்?

நேரடி வகுப்பில் புருவம் சுருங்குவது, பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்ப்பது, பேனா நின்றுபோவது எல்லாம் நம் கண்ணில் படும். புரியவில்லை என்று யாரும் சொல்லாமலேயே தெரிந்துவிடும். ஆன்லைனில் இந்தத் தகவல் முழுவதும் அறுந்துபோகிறது. தெரிவதெல்லாம் பெயர் எழுதிய கறுப்புக் கட்டங்கள். ஆகவே மாணவர் என்ன நினைக்கிறார் என்பதை அவர் எழுதியோ பேசியோ தேர்ந்தெடுத்தோ வெளியே வைக்கும் தருணங்களை ஆசிரியர்தான் திட்டமிட்டு உருவாக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்தில் வரும் உத்திகள் எல்லாவற்றுக்கும் நோக்கம் இதுதான்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் பதிலே வருவதில்லை. என்ன செய்வது?

முதலில் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். புரியாதவருக்குத் தனக்கு என்ன புரியவில்லை என்பதே பல நேரம் தெரியாது. தெரிந்தாலும் எல்லோர் முன்னிலும் மைக்கைத் திறந்து சொல்லும் துணிச்சல் வராது. "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்பதும் இதே ரகம். அதற்குப் பதிலாக, எல்லோரும் பதில் சொல்லியாக வேண்டிய சிறிய, திட்டமான கேள்வியைக் கொடுங்கள். "இந்த மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரி எப்படி வந்தது, ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்" என்றால் எழுத ஏதோ ஒன்று இருக்கிறது.

அடுத்து, பதில் வரும் விதம். சாட்டில் எழுதச் சொன்னால் வேகமான இரண்டு பேர் உடனே போட்டுவிடுவார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்ததும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். இதற்கு எளிய மாற்று உண்டு: "எல்லோரும் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள், அனுப்பாதீர்கள். நான் சொன்னதும் ஒன்றாக அனுப்பலாம்" என்று சொல்லுங்கள். ஒரு நிமிடம் கழித்து "இப்போது" என்றதும் முப்பது நாற்பது பதில்கள் மளமளவென்று கொட்டும். யார் யாரைப் பார்த்து எழுதினார் என்ற பேச்சுக்கே இடமில்லை. அவற்றில் இரண்டு மூன்றை வாசித்து, "இவர் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் என்ன வேறுபாடு?" என்று தொடர்ந்தால் உரையாடல் தானாகவே கிளம்பும்.

இதில் மிகவும் கடினமான பகுதி காத்திருப்பது. 1970களில் மேரி பட் ரோவ் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக உயர்த்தியபோதே பதில்கள் நீண்டன, காரணங்களோடு வந்தன, பேசாத மாணவர்களும் பேசினார்கள். ஆன்லைனில் ஒலி தாமதமாகப் போய்ச் சேர்கிறது, மைக்கைத் திறக்க வேண்டும், தட்டச்சு செய்ய வேண்டும். மூன்று விநாடி இங்கே எந்த மூலைக்கு? நாற்பத்தைந்து விநாடியாவது கொடுங்கள். அந்த நேரத்தில் பேசாமல் இருங்கள். "யோசியுங்கள், நன்றாக யோசியுங்கள்" என்று இடையிடையே சொல்வதும் இடைஞ்சல்தான்.

வாக்கெடுப்பு நடத்துகிறேன். ஆனால் சதவீதத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறோம். இதில் என்ன பலன்?

வாக்கெடுப்பின் பலன் அதற்குப் பின்னால் வரும் பேச்சில்தான் இருக்கிறது. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் 1990களில் இருந்து பரப்பிய சகமாணவர் கற்பித்தல் முறையை ஆன்லைனுக்கு அப்படியே கொண்டுவரலாம். ஒரு கேள்வியோடு பார்ப்போம்.

பந்து ஒன்றை நேர் மேலே எறிகிறோம். உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும்போது அதன் முடுக்கம் என்ன? அ) சுழியம். ஆ) கீழ்நோக்கி 9.8 மீ/வி². இ) மேல்நோக்கி 9.8 மீ/வி². ஈ) உச்சிக்கு வரும்போது குறைந்து, பிறகு கூடும்.

மாணவர்கள் தனியாக யோசித்து வாக்களிக்கிறார்கள். முடிவை உடனே காட்டாதீர்கள். பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் எல்லோரும் அங்கே சாய்ந்துவிடுவார்கள். நீங்கள் மட்டும் பாருங்கள். சரியான விடை 'ஆ'. ஆனால் 'அ'வுக்கும் கணிசமான வாக்கு விழும். பந்து நிற்கிறது, வேகம் சுழியம், எனவே முடுக்கமும் சுழியம் என்பது இயல்பாக வரும் தவறு. சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவென்றால் கருத்தே போய்ச் சேரவில்லை, திரும்ப விளக்குங்கள். 70 சதவீதத்துக்கு மேல் என்றால் சுருக்கமாகக் காரணம் சொல்லிவிட்டு நகருங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் அதுதான் நல்ல வாய்ப்பு. மூன்று மூன்று பேராகப் பிரேக்அவுட் ரூமுக்கு (ஆன்லைன் வகுப்பிலிருந்து சிறு குழுவாகப் பிரிந்து பேசும் தனி அறை) அனுப்பி, "பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் விடையை நிரூபியுங்கள்" என்று மூன்று நிமிடம் கொடுங்கள். திரும்பி வந்ததும் அதே கேள்விக்கு மறுபடி வாக்கு.

அந்த மூன்று நிமிடத்தில் யாராவது ஒருவர், "உச்சியில் முடுக்கமே இல்லையென்றால் பந்து அங்கேயே தொங்கிக்கொண்டிருக்குமே, ஏன் கீழே வருகிறது?" என்று கேட்பார். ஆசிரியர் பத்து முறை சொல்வதைவிட அந்த ஒரு கேள்வி கூர்மையாகத் தைக்கும். இரண்டாம் வாக்கெடுப்பில் எண்கள் நகர்வதை மாணவர்களே பார்க்கட்டும். கடைசியில் 'அ' ஏன் தவறு என்பதையும் ஒருவரைச் சொல்ல வையுங்கள். சரியான விடையைச் சொல்வதோடு நிறுத்தினால் தவறான எண்ணம் உள்ளுக்குள் அப்படியே இருந்துவிடும்.

இந்த முறையில் நேரம் பிடிப்பது கேள்வியைத் தயாரிப்பதுதான். தவறான விருப்பங்கள் ஒவ்வொன்றும் மாணவர்கள் உண்மையிலேயே செய்யும் தவறாக இருக்க வேண்டும். பழைய விடைத்தாள்களைப் புரட்டினால் வேண்டிய அளவு கிடைக்கும்.

பிரேக்அவுட் ரூமில் விட்டால் எல்லோரும் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதை விட்டுவிடலாமா?

விட வேண்டாம். "போய் இதைப் பற்றிக் கலந்துபேசுங்கள்" என்ற அறிவுறுத்தலை விட்டுவிட்டால் போதும். எதைப் பேச வேண்டும், எங்கே தொடங்க வேண்டும், எதைக் கொண்டுவர வேண்டும் என்று ஒன்றும் சொல்லாமல் அறிமுகம் இல்லாத நாலு பேரை அறைக்குள் அனுப்பினால் பெரியவர்களும் மௌனமாகத்தான் இருப்பார்கள்.

நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு ஒன்றைச் சொல்கிறேன். எல்லோரும் திருத்தக்கூடிய ஒரு கூகுள் ஸ்லைட்ஸ் கோப்பு. ஒவ்வொரு குழுவுக்கும் அதன் எண் போட்ட ஒரு ஸ்லைடு. அந்த ஸ்லைடிலேயே மேலே கேள்வி, கீழே நிரப்ப வேண்டிய இரண்டு பெட்டிகள்: 'எங்கள் விடை', 'எங்களுக்கு இன்னும் உறுதியில்லாதது'. அறைக்குள் போனதும் பிரதான அறையில் நீங்கள் காட்டிய திரை மறைந்துவிடும். கேள்வி கையில் இல்லாமல், என்ன செய்யச் சொன்னார் என்று ஒருவரையொருவர் கேட்பதிலேயே நேரம் போய்விடும். ஸ்லைடில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. நீங்களும் ஒவ்வொரு அறையாக ஏறி இறங்க வேண்டாம். கோப்பைத் திறந்து வைத்தால் எந்தப் பெட்டி நிரம்புகிறது, எது வெறுமையாகவே இருக்கிறது என்று நேரடியாகத் தெரியும். வெறுமையாக இருக்கும் குழுவுக்கு மட்டும் போங்கள்.

மூன்று அல்லது நான்கு பேர் போதும். ஐந்தாவது ஆள் வந்தாலே ஒருவர் ஒதுங்கிவிடுவார். யார் எழுதுவது என்பதை நீங்களே முடிவு செய்துவிடுங்கள், பெயரின் அகர வரிசையில் முதலில் வருபவர் என்பதுபோல. ஒவ்வொரு முறையும் ஆளை மாற்றாமல் சில வாரங்கள் ஒரே குழுவாக விட்டால் கூச்சம் போய்ப் பேச்சு வரும். நேரத்தைக் கொஞ்சம் குறைவாகவே கொடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம் வேணும்" என்று அவர்கள் கேட்பது நல்ல அறிகுறி.

கேமராவைக் கட்டாயமாக்கலாமா?

என் கருத்து: வேண்டாம். வீட்டுச் சூழல் தெரிவதில் தயக்கம், தோற்றம் பற்றிய கூச்சம், பலவீனமான இணைப்பு என்று கேமராவை அணைப்பதற்கு நியாயமான காரணங்கள் பல இருக்கின்றன. கேமரா போட்டுவிட்டு வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றும் கடினமல்ல. கேமரா இல்லாமலேயே ஆழமாக யோசிக்கவும் முடியும். முகம் தெரிய வேண்டும் என்ற ஆதங்கம் புரிகிறது. பிரேக்அவுட் ரூமில் மூன்று பேர் மட்டும் இருக்கும்போது விருப்பம் உள்ளவர்கள் போடலாம் என்று சொல்லிப் பாருங்கள், பலர் போடுவார்கள்.

இப்படிச் செய்தால் பாடப்பகுதியை முடிக்க முடியாதே?

நியாயமான கவலை. ஒரு மணி நேரத்தில் சொல்லும் விஷயத்தின் அளவு குறையும்தான். ஆனால் நாம் சொல்லி முடித்ததும் அவர்கள் கற்று முடித்ததும் ஒன்றல்ல. 2006இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் நடத்திய சோதனையில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பப் படித்தவர்களே முன்னால். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

நடைமுறையில், வரையறைகள், பட்டியல்கள், எளிய பின்னணித் தகவல்கள் போன்றவற்றை முன்கூட்டியே வாசிக்கவோ சிறு வீடியோவாகப் பார்க்கவோ கொடுத்துவிடலாம். எல்லோரும் தடுமாறும் இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் எல்லோரும் ஆன்லைனில் சேர்ந்திருக்கும் வகுப்பு நேரத்தை ஒதுக்குங்கள். எவை அந்த இடங்கள் என்பது அந்தப் பாடத்தை ஏற்கெனவே நடத்திய எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

வகுப்பு நேரடியாக நடப்பதில்லை. பதிவு செய்த வீடியோதான். அதிலும் முடியுமா?

முடியும். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசிய 2014ஆம் ஆண்டு ஆய்வு, 6 நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களே கவனத்தைத் தக்கவைப்பதாகக் காட்டியது. நீளத்தைவிட முக்கியம் இடையில் வரும் கேள்வி. 2013இல் ஸ்புனார் குழுவினர் 21 நிமிட வீடியோ விரிவுரையை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் ஒரு சிறு தேர்வு வைத்தார்கள். அந்த மாணவர்களின் கவனம் சிதறியது மற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான். கூடுதலாகக் குறிப்பும் எடுத்தார்கள். எச்5பி போன்ற கருவியால் வீடியோ நடுவிலேயே கேள்வியைப் பொருத்தலாம். அது இல்லையென்றாலும் பரவாயில்லை. "இங்கே நிறுத்திவிட்டு நோட்டில் எழுதுங்கள்" என்று சொல்லி, அடுத்த துண்டை அந்த விடையிலிருந்து தொடங்கினால் போதும்.

கலந்துரையாடல் பலகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: "ஒரு பதிவு போடுங்கள், இரண்டு பேருக்குப் பதில் எழுதுங்கள்" என்ற விதி "அருமையான கருத்து, நானும் ஒப்புக்கொள்கிறேன்" என்ற வரிகளைத்தான் விளைவிக்கும். மூடுல் என்ற கற்றல் தளத்தில் ஒரு வகை மன்றம் உண்டு. தன் விடையைப் பதிவிட்ட பிறகுதான் மற்றவர்களின் விடை கண்ணில் படும். அதைப் பயன்படுத்துங்கள். பிறகு, "உங்கள் விடையோடு ஒத்துப்போகாத ஒன்றைத் தேடி, எங்கே பிரிகிறீர்கள் என்று எழுதுங்கள்" எனக் கேளுங்கள்.

கணிதம், அறிவியலுக்குச் சரி. மொழிப் பாடத்துக்கு?

மிக நன்றாகவே பொருந்தும். வல்லினம் மிகும் இடத்தை விதியாகச் சொல்லித் தொடங்காமல், ஒரு ஸ்லைடில் இதை மட்டும் போடுங்கள்: அந்தப் பையன், இந்தத் தோட்டம், எந்தக் கிளை, அந்தச் செடி, அந்த மரம், இந்த வீடு, எந்த நாள். "முதல் நான்கிலும் நடுவில் ஒரு மெய்யெழுத்து வந்திருக்கிறது, பின்னவற்றில் வரவில்லை. ஏன்? விதியை நீங்களே எழுதுங்கள்" என்று விட்டுவிடுங்கள். க, ச, த, ப என்று சிலர் பிடித்துவிடுவார்கள். 'ஆண்பால், பெண்பால்' என்று வேறு பாதையில் போகிறவர்களும் உண்டு. அவர்கள் விதியைச் சோதிக்க இன்னொரு எடுத்துக்காட்டைக் கொடுங்கள். நிரலாக்கம் கற்பிப்பவர்கள் எந்த நிரலையும் ஓட்டிக்காட்டும் முன் "வெளியீடு என்ன வரும்?" என்று எழுதச் சொல்லலாம். வரலாற்றில் ஒரே நிகழ்வைப் பற்றிய இரண்டு சாட்சியங்களைக் கொடுத்து எது நம்பத்தக்கது, ஏன் என்று கேட்கலாம்.

"நீங்களே நடத்துங்க, அதுதான் நல்லாப் புரியுது" என்று மாணவர்களே சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டாமா?

கேட்க வேண்டும், ஆனால் அந்த உணர்வு எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். 2019இல் லூயி டெலோரியே குழுவினர் ஹார்வர்டு இயற்பியல் வகுப்பில் இதையே சோதித்தார்கள். செயலூக்க வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள். ஆனால் 'எனக்கு நன்றாகப் புரிந்தது' என்ற உணர்வு, தெளிவான விரிவுரையைக் கேட்டவர்களுக்குத்தான் அதிகம் இருந்தது. சரளமான பேச்சைக் கேட்கும்போது எல்லாம் புரிந்தது போலத் தோன்றும். தானே முட்டி மோதும்போது ஒன்றும் தெரியாதது போலத் தோன்றும். இதை மாணவர்களிடம் முதல் வாரத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சிரமமாக இருப்பது ஏன் என்று தெரிந்தால் பெரும்பாலோர் ஒத்துழைக்கிறார்கள்.

மதிப்பெண் கொடுக்கலாமா?

பங்கேற்றதற்குச் சிறிதளவு கொடுக்கலாம். சரியான விடைக்கு மட்டும் கொடுத்தால் யாரும் தவறு செய்யத் துணிய மாட்டார்கள். சாட்ஜிபிடியிடம் கேட்டு ஒட்டும் பழக்கமும் அங்கேதான் தொடங்கும்.

இணைப்பு சரியில்லாதவர்கள், கைபேசியில் மட்டும் படிப்பவர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள்?

சிறிய கைபேசித் திரையில் வகுப்பையும் வேறொரு செயலியையும் ஒரே நேரத்தில் பார்ப்பது சிரமம். கூட்டுக் கோப்பில் எழுதுவது அதைவிடச் சிரமம். ஆகவே ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் சாட்டிலேயே முடியக்கூடிய எளிய வழி ஒன்றை வையுங்கள். நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இணைப்பு அறுந்துபோனவருக்கு, அதே கேள்விக்கு அன்று மாலைக்குள் பதில் அனுப்பும் வாய்ப்பு இருக்கட்டும். வண்ணச் சீட்டுகளை இழுத்து நகர்த்தும் டிஜிட்டல் பலகைகள் பல, திரையில் உள்ளதைச் சத்தமாக வாசிக்கும் திரைவாசிப்பான் வைத்துப் படிப்பவருக்கு உதவுவதில்லை. அதே வேலையை எழுத்து வடிவிலும் கொடுப்பது ஆசிரியரின் கடமை.

எந்தச் செயலி நல்லது?

உங்கள் மாணவர்கள் ஏற்கெனவே பயன்படுத்தத் தெரிந்தது. சாட், வாக்கெடுப்பு, ஒரு கூட்டுக் கோப்பு, இந்த மூன்றும் போதும்.

நாளைக்கே ஒரு வகுப்பு இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

ஏற்கெனவே தயாராக இருக்கும் ஸ்லைடுகளைத் திறந்து, மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முன்னால் ஒரு வெற்று ஸ்லைடைச் செருகி, அங்கே வரப்போகும் விடையை ஊகிக்கச் சொல்லும் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். ஒரு நிமிடம் அமைதி, பிறகு சாட்டில் ஒன்றாக அனுப்புதல். வகுப்பின் கடைசி மூன்று நிமிடத்தில் இன்னொன்று: "இன்று இன்னும் தெளிவாகாத ஒரு விஷயத்தை எழுதி எனக்கு மட்டும் தனிச் செய்தியாக அனுப்புங்கள்." வந்தவற்றைப் படித்துவிட்டு, அதிகம் பேர் குறிப்பிட்டதை எடுத்து அடுத்த வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் பேசுங்கள். தாங்கள் எழுதியதை ஆசிரியர் படிக்கிறார் என்று தெரிந்த பிறகு, இரண்டாம் வாரம் வரும் செய்திகள் நீளமாக இருக்கும்.